ஊர்ப்பெயர்களின் பின்னொட்டுகள்: பிரிக்பீல்ட்ஸ் முதல் எடின்பர்க் தோட்டம் வரை

சாலாக் செலாத்தானை ஆங்கிலத்தில் ‘சாலாக் சவுத்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆங்கில இலக்கணப்படி அது ‘சவுத் சாலாக்’ என்றல்லவா இருக்க வேண்டும்? சவுத் கொரியா, சவுத் ஆப்பிரிக்கா என்பதுதானே அம்மொழியின் முறை? மலாய்மொழியில் அடைமொழி பின்னால் வரும்: கொரியா செலாத்தான், அமெரிக்கா செலாத்தான். அந்த வரிசையைத் தொடாமல் கடைசிச் சொல்லை மட்டும் ஆங்கிலமாக்கியதன் விளைவே ‘சாலாக் சவுத்’. சொல் ஆங்கிலம், வரிசை மலாய்.

தமிழ் இங்கே ஆங்கிலத்தின் பக்கம் நிற்கிறது. தென்காசி, வடபழனி, தென்கொரியா என அடைமொழியை முன்னே வைத்து, பொருளின் தலைச்சொல்லை இறுதியில் வைப்பது நம் மரபு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நமக்கு இவ்விரு வரிசைகளும் நாவில் ஊறியவை. ஊறிய ஒன்றை நின்று பார்ப்பது அரிது. அதனால்தான் இக்கட்டுரை.

ஆங்கில ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் டன், ஹாம், வொர்த், பர்க், போர்ட் முதலியவை இன்று பின்னொட்டுகளாகத் தோன்றினாலும், பழைய ஆங்கிலத்தில் தனித்து நின்ற சொற்களே. டன் என்பது வேலியிட்ட பண்ணை. ஹாம் என்பது குடியிருப்பு. வொர்த் என்பது அடைப்பு நிலம். பர்க் என்பது கோட்டை. ஆக்ஸ்போர்ட் என்பது எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை, மயிலாடுதுறையை நினைத்துக்கொள்ளுங்கள். நாளடைவில் இச்சொற்களின் பொருள் தேய்ந்து வால் மட்டும் எஞ்சியது. நம்மிடமும் இந்நிலை உண்டு. பட்டியும் ஊரும் இன்றும் உயிருள்ள சொற்கள். ஆனால் சேப்பாக்கத்தில் உள்ள ‘பாக்கம்’ எதைக் குறிக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே விடை சொல்வோம்?

பொருள் தேய்ந்த வால்கள் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தன. சுவெட்டன்ஹாம் என்பது இங்கிலாந்தின் செஷையர் மாவட்டத்துச் சிற்றூர். ஊர்ப்பெயர் குடும்பப்பெயராயிற்று. அக்குடும்பப்பெயரைத் தாங்கிய பிராங்க் சுவெட்டன்ஹாம் இங்கே அதிகாரியானார். 1901இல் திறக்கப்பட்ட துறைமுகத்திற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப் பெயரிட்டனர். ஊர் ஆளாகி, ஆள் மீண்டும் ஊரான கதை இது. 1972இல் அது போர்ட் கிள்ளான் ஆனது. வடக்கே பட்டர்வொர்த்தும் அப்படித்தான். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பட்டர்வொர்த்தின் பெயர் அது.

பிரிக்பீல்ட்ஸ் வேறு வகை. அது எவர் பெயருமன்று, தொழிலின் பெயர். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட கடைகள் அழிந்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற அதே சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பச் செய்தார். அதற்கான செங்கல் அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். காப்பித்தான் யாப் ஆ லோய் இத்தொழிலில் முன்னின்றவர்.

இதைச் ‘செங்கல் வயல்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. பேட்டல்பீல்ட், கோல்பீல்ட் என்பவற்றில் வருவதைப் போல, இங்கே ‘பீல்ட்’ என்பது ஒரு செயல் நடக்கும் திறந்த நிலம். தமிழில் அதற்கு நேரான சொல் களம்: போர்க்களம், நெற்களம். அவ்வழியில் பிரிக்பீல்ட்ஸ் செங்கற்களம் ஆகும். விரித்தால் ‘செங்கல்லைச் செய்யும் களம்’. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தேர்வுக்கு மனனம் செய்த அந்த நீண்ட பெயர், நாம் தோசை சாப்பிடப் போகும் தெருவிலேயே கிடக்கிறது!

ஆனால் எவரும் செங்கற்களம் என்று சொல்வதில்லை. கேமரன் ஹைலண்ட்சைக் கேமரன் மலை என்கிறோம். கேரி ஐலண்டைக் கேரித்தீவு என்கிறோம். முன்பகுதியை விட்டுவிட்டு வாலை மட்டும் தமிழாக்குகிறோம். மலையும் தீவும் கண்ணுக்குத் தெரிந்தன, வாலும் தமிழாயிற்று. பிரிக்பீல்ட்சில் நம்மவர் கண்டது களத்தையன்று, இரயில்வே குடியிருப்பையும் கடைத்தெருவையும் என்பதால் அது அப்படியே நின்றுவிட்டது என்பது என் கணிப்பு. கேரித்தீவில் தோன்றும் ‘த்’ என்ற ஒற்றையும் கவனியுங்கள். யாரும் விதி சொல்லித் தராமலே ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயர் தமிழ்ப் புணர்ச்சிக்கு உட்பட்டுவிட்டது.

பத்துமலை இன்னும் சுவையானது. ‘பத்து’ என்பது மலாயில் கல். அங்கு ஓடும் சுங்கை பத்துவிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் குகையைச் சேர்த்துப் ‘பத்து கேவ்ஸ்’ என்றனர். நாம் மலையைச் சேர்த்தோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் மற்ற ஒன்பது மலைகள் எங்கே என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ்க்காதுக்கு அது நியாயமான கேள்வி.

இனி, கெப்போங்கில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்: எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பர்க் என்பது கோட்டை; நம் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை போல. அந்த ஸ்காட்லாந்து நகரைக் கேலிக் மொழியில் சொன்னால் கோட்டைக்கான சொல் முன்னால் வந்துவிடும். அம்மொழியும் மலாயைப் போலத் தலைச்சொல்லை முன்வைப்பது. நெஸ் ஆற்றின் முகத்துவாரம் இன்வர்னஸ் ஆனதும், நம் தலைநகர் கோலாலம்பூர் ஆனதும் ஒரே அமைப்பில்தான்.

பள்ளிப்பெயருக்கு மீண்டும் வருவோம். தேசிய மொழியில் அது ‘செகோலா ... தமிழ் லாடாங் எடின்பர்க்’: பள்ளி, தமிழ், தோட்டம், எடின்பர்க். தமிழில் எடின்பர்க், தோட்டம், தமிழ், பள்ளி. கண்ணாடியில் பார்த்ததுபோல் முழுவதும் தலைகீழ். இரு இலக்கணங்களையும் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கெப்போங் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்பகுதி. தோட்டம் இருந்த இடங்களில் ‘தாமான்’ என்ற முன்சொல் வந்து அமர்ந்துவிட்டது. தோட்டத்து மக்கள் வீடு மாறினர். வரைபடத்திலிருந்து தோட்டப் பெயரும் போனது. ‘லாடாங்’ என்ற சொல் நகரத்துப் பள்ளிக்குப் பொருந்தவில்லை என்று கருதுவோர் நம்மவரிலேயே உண்டு. இலக்கண மாணவன் என்ற முறையில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப்பெயரிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், எஞ்சுவது ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு கோட்டையின் பெயர் மட்டுமே. கெப்போங்கில் பால்மரம் வெட்டியவர்களைப் பற்றி அப்பெயரில் ஒன்றும் இராது.