கார் பெயின்ட்டுக்கு எந்தப் பூச்சு?

புது கார் டெலிவரி எடுக்கப் போகிறவரிடம் ஷோரூமில் நீட்டும் பட்டியலில், இன்ஷூரன்ஸ், ஃப்ளோர் மேட் எல்லாம் முடிந்த பிறகு ‘பெயின்ட் புரொடக்‌ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். டெஃப்லான், செராமிக், கிராஃபீன், பிபிஎஃப் (பெயின்ட் புரொடக்‌ஷன் ஃபிலிம்) என்று விலை ஏறிக்கொண்டே போகும். விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்ற எண்ணத்தை அந்த வரிசையே உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு சேதத்தைத் தடுப்பது. ஒன்று தடுப்பதை இன்னொன்று தடுக்காது. ‘எது பெஸ்ட்?’ என்று கேட்டால் விற்பவருக்குத் தோதான பதில்தான் கிடைக்கும். என் வண்டியின் பெயின்ட்டைக் கெடுக்கப் போவது எது என்று தொடங்கினால், பெரும்பாலோருக்கு மலிவான விடையே போதும் என்பது தெரியவரும். சிலர் மட்டும் நடுவில் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு நேரே ஃபிலிமுக்குப் போக வேண்டியிருக்கும்.

காக்க வேண்டிய பொருள் எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடுக்கு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனங்கள் அந்தக் கிளியர் கோட்டிலேயே கலந்திருக்கின்றன. வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான், மேலே நாம் பூசுவதற்கு அல்ல. கீறலைப் போக்க மெஷின் பாலிஷ் போடும்போதெல்லாம் ஓரிரு மைக்ரானாவது தேய்ந்து போகும். ஃபேக்டரி ஓவனில் சுமார் 140 டிகிரியில் வெந்த அடுக்கு திரும்ப வளராது. ஆகவே எந்தப் பூச்சையும் எடைபோட ஒரே அளவுகோல்தான் உண்டு: அடுத்த பாலிஷை அது எவ்வளவு காலம் தள்ளிப்போடும்? பளபளப்பு இரண்டாம்பட்சம்.

பூசுவதற்கு முன் வண்டியைப் பரிசோதியுங்கள். ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தபின் நிழலில் நிறுத்தி, செல்போன் டார்ச்சைப் பானெட்டுக்குச் சாய்வாகப் பிடியுங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி மெல்லிய கோடுகள் வளையம் வளையமாகத் தெரிந்தால் அவைதான் ஸ்வர்ல் மார்க். அடுத்து, கையை ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் நுழைத்துப் பெயின்ட்மேல் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள்ளிருந்து மணல்போல் நெருடும். இரும்புத் துகளும் பிசினும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அதைக் களிமண் போன்ற கிளே பாரால்தான் எடுக்க வேண்டும். புது வண்டிக்கு இதெல்லாம் தேவையில்லை என்று ஷோரூமில் சொல்வார்கள். ஆனால் வண்டி ஸ்டாக்யார்டில் திறந்த வெயிலில் நின்று, டெலிவரிக்கு முந்தின நாள் அவசரமாகத் துடைக்கப்பட்டு வருவது. கீறலின் மேல் பூச்சைப் போட்டால் கீறல் அப்படியே உள்ளே தங்கிவிடும். பழைய கார் என்றால் பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். ஒரு கதவு மட்டும் 250, 300 மைக்ரான் காட்டினால் அது டிங்கரிங் முடித்து மறுபடி பெயின்ட் அடித்த கதவு. இந்தத் தகவல் பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த வேலை, எதிரிகளை வரிசைப்படுத்துவது. சென்னை, மதுரை, கோவை எந்த ஊரானாலும் முதலிடம் காலையில் வண்டி துடைக்கும் துணிக்குத்தான். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் 7. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் காய்ந்த துணியால் இழுத்தால் தினமும் ஒரு சுற்றுக் கீறல் விழும். பத்து வண்டிக்கு ஒரே வாளி, ஒரே துணி என்று ஓடும் அபார்ட்மென்ட்டில் இது இன்னும் மோசம். இரண்டாவது, போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த துளி சூடான பானெட்டில் காயும்போது தண்ணீர் போய்விடும், வெள்ளை வளையம் நிற்கும். பல நாள் விட்டால் வளையம் கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாக்கும். மூன்றாவது, பறவை எச்சம். அதிலுள்ள யூரிக் அமிலம் போதாதென்று, மே மாத வெயிலில் கறுப்புக் காரின் தகடு 70 டிகிரிவரை சுட்டு, இளகி விரிந்த கிளியர் கோட் சாயங்காலம் எச்சத்தைச் சுற்றியே சுருங்கி இறுகுகிறது. அந்தத் தழும்பு கழுவினால் போகாது. நான்காவது, நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறிக்கவிடும் கல். கடற்கரை ஊர்க்காரர்கள் உப்புக்காற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் துரு பெரும்பாலும் கல் பட்டுத் தகடு தெரியும் புள்ளியிலும், அடிப்பாகத்து இணைப்புகளிலும் தொடங்குவது. பெயின்ட்மேல் பூசும் எதுவும் அடிப்பாகத்துக்குப் போய்ச் சேராது.

இப்போது பூச்சுகளுக்கு வரலாம். மெழுகுகளில் பேர்போனது கார்னௌபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. 82 முதல் 86 டிகிரியில் உருகும். நம் வெயிலில் சில வாரம் தாங்கும், மினுமினுப்பு அழகாக இருக்கும், அவ்வளவுதான். செயற்கை பாலிமரில் செய்த சீலன்ட் மூன்று முதல் ஆறு மாதம் நிற்கும். வீட்டில் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம். டெஃப்லான் என்று விற்பதையும் இந்த இனத்தில்தான் சேர்க்க வேண்டும். 1938-இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் கண்டுபிடித்த அந்தப் பொருள் சுமார் 327 டிகிரியில்தான் உருகும். தோசைக்கல்லில் அதைவிட அதிக சூட்டில் சுட்டு ஒட்டவைக்கிறார்கள்; காரை அப்படிச் சுட முடியாது. கையால் தேய்த்து விடுவது டெஃப்லான் துகள் கலந்த சீலன்ட்தான். சீலன்ட்டின் விலைக்குக் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள்.

செராமிக் கோட்டிங் நிஜமாகவே வேறு ரகம். சிலிக்கா சார்ந்த திரவம் காய்ந்து கிளியர் கோட்டோடு ரசாயனப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. ஷாம்புவுக்கும் லேசான அமிலத்துக்கும் அசையாது. நல்லபடி போட்டால் இரண்டு மூன்று வருஷம் வரும். எச்சத்தையும் பிசினையும் உடனே கடித்துவிடாதபடி கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். ஆனால் இதை விற்கும் வாக்கியம் அது அல்ல. ‘9H கடினம், கீறல் விழாது’ என்பதுதான். அந்த 9H பென்சில் சோதனையின் எண். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைக் குறிப்பிட்ட கோணத்தில் பூச்சின்மேல் தள்ளி, எது கீறுகிறது என்று பார்ப்பார்கள். வரிசையின் கடைசிப் பென்சில் 9H. மணல் பென்சிலைவிட எவ்வளவோ கடினமானது. மேலும் காய்ந்த பூச்சின் கனம் பொதுவாக ஒரு மைக்ரானைச் சுற்றித்தான். அந்தக் கனத்தில் கல்லுக்குக் கவசம் எதிர்பார்ப்பது, உள்ளங்கையை நீட்டி மழையை நிறுத்தப் பார்ப்பது மாதிரி. இன்னொரு சங்கதியைக் கடைக்காரர் சொல்லமாட்டார். விளம்பர வீடியோவில் உருண்டோடும் அதே நீர்த்துளிதான், வண்டி ஓடாமல் வெயிலில் நிற்கும்போது குமிழாகத் தங்கி, உப்பை ஒரே புள்ளியில் குவித்துவிட்டுக் காய்கிறது. போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விடுகிற வீட்டில் செராமிக் போட்ட கறுப்புக் கார் வட்ட வட்டமாகத் தெரிவது இதனால்தான். கிராஃபீன் என்பது பெரும்பாலும் செராமிக்கோடு கொஞ்சம் கிராஃபீன் ஆக்ஸைடு சேர்த்தது. அதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கல்லைத் தாங்குவது பிபிஎஃப் ஒன்றுதான். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்க ஒட்டிய ஃபிலிமின் வாரிசு இது; இன்றைய நல்ல ஃபிலிம் டிபியூ எனும் பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான் கனம். மொத்தப் பெயின்ட்டைவிடக் கனமான அடுக்கு என்பதால்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. மெல்லிய சுற்றுக்கீறல் வெயில் சூட்டில் தானே மறையும்; சாவியால் கிழித்தால் மறையாது. மலிவான பிவிசி ஃபிலிமை இதே பெயரில் விற்பவர்கள் உண்டு. அது மஞ்சளித்து, உரிக்கும்போது பசையை விட்டுவிட்டுப் போகும். முழு வண்டிக்கும் ஒட்டினால் சின்ன காரின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். கல் விழுவது முன் பம்பர், பானெட்டின் முன்பாதி, சைடு மிரர் ஆகிய இடங்களில். கதவு விளிம்பும் கைப்பிடிக் குழியும் உரசலுக்கு ஆளாகும். அவற்றுக்கு மட்டும் ஒட்டுவதே பெரும்பாலோருக்கு விவேகம். மறுபெயின்ட் அடித்த கதவில் ஒட்ட யோசியுங்கள். நாளை ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

செராமிக் கீறலைத் தடுக்காது என்றதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. செராமிக் போட்டால் அழுக்கு ஒட்டாது, தேய்ப்பது குறையும், அதனால் கீறலும் குறையுமே என்பார்கள். சரியான வாதம், செராமிக்குக்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணமே அதுதான். ஆனால் அந்த லாபம் ஷாம்புவும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் வைத்துக் கழுவுபவருக்கு மட்டும். அழுக்குத் துணி தொடர்ந்தால் கீறல் பூச்சைத் தாண்டிப் போகும், பூசிய காசும் போகும். ஐந்து வருஷ வாரண்டி இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வருஷாவருஷம் அவர்களிடமே காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்திருக்க வேண்டும் என்றும், எச்சம், நீர்க்கறை, கீறல் சேராது என்றும் எழுதியிருந்தால், வாரண்டி எதற்கு என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். விற்கும்போது நல்ல விலை வரும் என்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; பழைய கார் வாங்குபவர் கிலோமீட்டரையும் விபத்தையும் பார்த்த பிறகே மினுமினுப்புக்கு வருகிறார்.

ஆக, கூரைக்கடியில் நிற்கும், நகருக்குள் மட்டும் ஓடும், நீங்களே கழுவும் வண்டிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் போதும். மரத்தடியிலோ தெருவிலோ நிற்கும், நன்றாகக் கழுவப்படும் வண்டிக்கு செராமிக் தகும். வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் ஓடுவது என்றால் முன்பக்கம் ஃபிலிம், மிச்சத்துக்கு சீலன்ட். மேட் ஃபினிஷ் பெயின்ட்டில் பாலிஷும் மெழுகும் தொடவே கூடாது, மினுங்கித் திட்டாகிவிடும். புதிதாக மறுபெயின்ட் அடித்திருந்தால் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறவேண்டும். ஓரிரு மாதம் எதையும் பூசாமல் விடுங்கள்.

கடையை முடிவு செய்யும்போது பில்லில் பொருளின் பெயர், எத்தனை கோட், அதற்கு முன் பாலிஷ் உண்டா என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்வதில் தவறில்லை. மூடிய, தூசியில்லாத இடமாக இருக்க வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ட்யூப்லைட்டில் பார்க்காமல் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சரியாகத் துடைக்காத இடத்தில் பூச்சு எண்ணெய்த் திட்டுபோல் நிற்கும், அதை அன்றைக்கே சரிசெய்தால்தான் ஆயிற்று, காய்ந்தபின் மறுபடி பாலிஷ்தான். செராமிக் போட்ட முதல் நாள் தண்ணீரே படக்கூடாது, முதல் வாரம் ஷாம்பு கூடாது. வண்டி துடைக்கும் அண்ணனிடம் இதை முந்தின நாளே சொல்லி, இனி வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், சம்பளம் அதேதான் என்று பேசிவிடுங்கள்.