மத்திய கால இந்து சமுத்திர வர்த்தகமும் பண்பாட்டுப் பரிமாற்றமும்

இப்பாடப்பகுதியில் இருந்து வினா வரும்போது மாணவர் பலர் ஏற்றுமதி, இறக்குமதிப் பொருட்களை மட்டும் பட்டியலிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கின்றனர். பட்டியல் பாதி விடையே. பொருட்களோடு மொழி, சமயம், வழக்கங்கள் என்பனவும் கப்பலேறி வந்தன என்பதை ஆதாரத்துடன் எழுதினால்தான் விடை நிறைவுபெறும். எனவே மூன்று ஆதாரங்களை நன்கு விளங்கிக் கொள்வோம்.

1. பின்னணி

இந்து சமுத்திர வர்த்தகம் பருவக்காற்றுக்களிலேயே தங்கியிருந்தது. தென்மேல் பருவக்காற்றுடன் அரேபியா, பாரசீகம் ஆகிய இடங்களிலிருந்து கப்பல்கள் கிழக்கு நோக்கி வந்தன. வடகீழ்ப் பருவக்காற்றுடன் அவை திரும்பிச் சென்றன. காற்று மாறும் வரை வணிகர்கள் துறைமுகங்களில் பல மாதங்கள் தங்க நேரிட்டது. அவ்வாறு தங்கியோர் வீடு அமைத்தனர். திருமண உறவு கொண்டனர். தத்தமது வழிபாட்டிடங்களைக் கட்டினர். பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கு இத்தங்கலே முதற்காரணம் ஆகும்.

இலங்கை இக்கடற்பாதையின் நடுவில் அமைந்திருந்தது. இங்கிருந்து முத்து, இரத்தினக்கல், யானை, கறுவா என்பன சென்றன. குதிரை, பட்டு, சீன மட்பாண்டம் முதலியன வந்தன.

2. ஆதாரங்கள்

(அ) நயினாதீவுத் தமிழ்ச் சாசனம்

இது முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (கி.பி. 1153 - 1186) காலத்துக்குரியது. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட மன்னனின் கட்டளை தமிழில் பொறிக்கப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. அதன் முக்கிய செய்திகள்:

- ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறை) வரும் பரதேசிகள் பாதுகாக்கப்பட வேண்டும்.
- யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் 1/4 பங்கு அரச பண்டாரத்துக்கும் 3/4 பங்கு உடையவனுக்கும் உரியது.
- ஏனைய பொருட்களை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதியாகப் பிரிக்கப்பட வேண்டும்.

யானை, குதிரை கொண்டுவருவோருக்குக் கூடிய பங்கு ஏன்? அவை மன்னனின் படைக்குத் தேவையானவை. நட்டம் குறையுமாயின் வணிகர் அஞ்சாது மீண்டும் வருவர்.

(ஆ) இபன் பதூதாவின் பயணக் குறிப்பு

மொரோக்கோவைச் சேர்ந்த இபன் பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து புத்தளப் பகுதிக்கு வந்தார். அங்கு ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். அவன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என அவர் எழுதியுள்ளார். வணிகத்துக்காக வந்த மொழி அரசவையிலும் இடம்பிடித்திருந்தமை இதனாற் புலப்படும். பாவாத மலைக்குச் செல்ல விரும்பிய அவருக்கு 4 யோகிகளையும் 3 பிராமணரையும் மன்னன் துணையாக அனுப்பினான். முஸ்லிம் பயணி ஒருவர், இந்து மன்னனின் உதவியுடன், பௌத்தரும் போற்றும் மலைக்குச் சென்றார் என்பதை விடையில் எழுதத் தவறாதீர்கள்.

(இ) காலி மும்மொழிக் கல்வெட்டு

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் இது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. தற்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

- சீன மொழிப் பகுதி: புத்தருக்குக் காணிக்கை
- தமிழ்ப் பகுதி: தெனாவரை (தெவிநுவர) நாயனாருக்குக் காணிக்கை
- பாரசீகப் பகுதி: இஸ்லாம் சார்ந்த காணிக்கை

தமிழும் பாரசீகமும் அக்காலத்தில் இந்து சமுத்திர வர்த்தக மொழிகளாக விளங்கின என்பதற்கு இக்கல் சிறந்த சான்று.

கவனிக்க: தொடர்பு எப்போதும் சமாதானமாக இருந்ததில்லை. 1411இல் இதே செங் ஹோவின் படை இங்குள்ள ஆட்சியாளனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றது. காணிக்கை கொடுத்த கப்பல்களிலேயே படைவீரரும் இருந்தனர். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் வரலாறு முழுமைபெறாது.

3. மாதிரி வினாவும் விடையும்

வினா: மத்திய காலத்தில் வணிகரைக் கவர்வதற்கு இலங்கை மன்னர் மேற்கொண்ட நடவடிக்கை ஒன்றை ஆதாரத்துடன் விளக்குக.

விடை: முதலாம் பராக்கிரமபாகு வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளித்தான். உடைந்த கப்பலில் உடையவனுக்குரிய பங்கைச் சட்டமாக வரையறுத்தான். இதற்கு நயினாதீவுத் தமிழ்ச் சாசனம் ஆதாரமாகும். இதனால் வணிகரின் நம்பிக்கை வளர்ந்து, மன்னனுக்குத் தேவையான யானை, குதிரை என்பன தடையின்றிக் கிடைக்க வழியேற்பட்டது.

விடையின் ஒழுங்கைப் பாருங்கள்: நடவடிக்கை, ஆதாரம், விளைவு. எந்த வினாவுக்கும் இம்மூன்றையும் எழுதப் பழகுங்கள்.

4. பயிற்சி வினாக்கள்

1. பருவக்காற்று பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கு எவ்வாறு உதவியது?
2. காலிக் கல்வெட்டில் இடம்பெறும் மும்மொழிகளையும் குறிப்பிடுக.
3. அக்கல்வெட்டில் சிங்கள மொழி இடம்பெறாமைக்குக் காரணம் யாதாக இருக்கலாம்? கல் எங்கிருந்து வந்தது, எவருக்காக எழுதப்பட்டது எனச் சிந்தித்து உமது கருத்தை எழுதுக.

மூன்றாவது வினாவுக்கு மனனம் செய்த விடை உதவாது. நீங்களாகவே யோசித்து எழுதிப் பாருங்கள்.