அப்பாலஜி லெட்டர் கேட்டால் எழுதாதீர்கள்

உங்கள் டியூட்டியில் எது நடந்திருந்தாலும் சரி, மேனேஜர் உங்களை உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "சும்மா ஒரு அப்பாலஜி லெட்டர் சிஸ்டர், ஃபைலுக்கு மட்டுந்தானுங்க" என்று சொன்னால் பேனாவைத் தொடாதீர்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். எட்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான் என்று உங்களுக்கும் அவசரமாகத்தான் இருக்கும். பஸ் போனால் போகட்டும்.

நான் பஸ்ஸைப் பிடித்தேன். அதாவது, எழுதிக் கொடுத்தேன். "படிச்சவங்க நீங்க, அழகா எழுதிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, "எனது கவனக்குறைவால் நேர்ந்தது" என்ற வரியை மட்டும் அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அந்த வருஷச் சம்பள உயர்வு அதோடு நின்றது. பிறகு வேலையை விட்டபோது அனுபவச் சான்றிதழுக்கு அலையாய் அலைந்தேன். போய் நிற்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ்தான் மேஜைக்கு வரும்.

கோயம்புத்தூரைச் சுற்றி வயதானவர்களுக்கான குடியிருப்புகளும் பராமரிப்பு இல்லங்களும் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே. அப்படி ஊருக்கு வெளியே இருந்த ஓர் இல்லத்தில்தான் வேலை பார்த்தேன். இருபது கட்டில், அதில் பாதிப் பேர் எழுந்து நடமாட முடியாதவர்கள். காலை எட்டிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து எட்டு, ராத்திரி எட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு. ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ், இரண்டு ஆயாம்மா. "ஆஸ்பத்திரி மாதிரி எமர்ஜென்சி, கேஷுவாலிட்டி எதுவும் இல்லையே, நிம்மதியான வேலை" என்று என்னுடன் படித்தவர்களே சொல்வார்கள். அவர்களுக்காக இந்தக் கணக்கு. படுத்தே கிடப்பவர்கள் பத்துப் பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர நைட்டில் ஆளுக்கு ஆறு முறை, ஆக அறுபது. டயபர் பார்த்து, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு, தலையணை வைக்க ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரம். ஒருவரால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். இதற்குமேல் ரைல்ஸ் டியூபில் கஞ்சி, பி.பி., சுகர், இன்சுலின், மாத்திரை, பாத்ரூமில் வழுக்கப் பார்க்கும் தாத்தா, அம்மாவைத் தேடி அழும் எண்பத்தைந்து வயதுப் பாட்டி.

இந்தக் கணக்கு பிசகும் இடத்தில்தான் சண்டை பிறக்கிறது. யார் செய்யவில்லை என்று பேசுவார்களே தவிர, செய்ய ஆள் இருந்ததா என்று யாரும் பேசுவதில்லை.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர், இருபது வருஷ சர்வீஸ். நான் பி.எஸ்ஸி. நர்சிங். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை, ஆனால் முதல் நாளிலிருந்தே "டிகிரி சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். படுக்கைப்புண் வராமலிருக்க முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் கொட்டச் சொல்வார். ஸ்பிரிட் தோலைக் காயவைக்கிறது. எலும்பு துருத்தும் இடத்தை அழுத்தித் தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் நைகிறது. பிருஷ்டத்துக்கு அடியில் வைக்கும் வளையத் தலையணையும் அப்படித்தான். நடுவில் பள்ளம், சுற்றிலும் அழுத்தம், ரத்த ஓட்டம் இன்னும் குறையும். சர்வதேச வழிகாட்டுதல்கள் இரண்டையும் எப்போதோ வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நான் அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது சிலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். தனியாகவும் சொல்லிப் பார்த்தேன், "எத்தனை முதுகு பார்த்திருக்கே கண்ணு?" என்று கேட்டார்.

காலை எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர். அமெரிக்காவில் அது முந்தைய நாள் சாயங்காலம், ராத்திரி. மகனும் மகளும் வேலை முடிந்து வீடியோ காலில் வரும் நேரமும் அதுதான். இன்சார்ஜ் சிஸ்டர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார். பாட்டிக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, "அம்மா சூப்பரா இருக்காங்க பாருங்க" என்பார். பொங்கலுக்குப் புடவை அவருக்குத்தான் வரும். முதுகைக் காட்டச் சொல்லி எந்த மகனும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் ஹேண்ட் ஓவர் என்பது நர்சிங் ஸ்டேஷனில் ரிப்போர்ட் புக்கைத் திருப்பி வைத்து, "எல்லாம் பழைய மாதிரிதான், சைன் பண்ணிடு" என்பதோடு முடிந்துவிடும்.

என் சித்தி மகள் கல்யாணத்துக்காகத் தாராபுரம் போயிருந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. நல்ல முகூர்த்த நாள், ஆயாம்மாக்களில் பாதிப் பேரும் லீவு. திங்கள் காலை டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். எல்லோர் பெயருக்கு நேரேயும் "ஸ்கின் இன்டாக்ட்" என்று எழுதியிருந்தது. பத்து மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைத் துடைத்துவிடத் திருப்பினோம். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், சுகர் வேறு. வாலெலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குக் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. தோல் கிழியவில்லை. தொட்டால் நடுவில் கொழகொழவென்றும் ஓரத்தில் கெட்டியாகவும் இருந்தது. ஆயாம்மா "ஐயோ சாமி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

உடனே டாக்டருக்குச் சொன்னேன், ஏர் பெட்டை மாற்றினேன், ரிப்போர்ட்டில் நேரம் போட்டு எழுதினேன். மதியத்துக்குள் மகளுக்குச் செய்தி போய்விட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் வீட்டிலிருந்தே போனில் மேனேஜரிடம் பேசினார்: "நான் குடுக்கும்போது ஒண்ணும் இல்லீங்க சார். அந்தப் பொண்ணு சைன் பண்ணியிருக்கு, பாருங்க." சாயங்காலம் வெள்ளைத்தாள் வந்தது. அன்று டபுள் டியூட்டியில், காலை ஆறு பேரைக் குளிப்பாட்டி, இரண்டு பேருக்குக் கத்தீட்டர் மாற்றி, மதியச் சாப்பாட்டை நாலரைக்குச் சாப்பிட்டவளுக்கு அந்த நேரத்தில் வாதாடத் தெம்பில்லை. எழுதினேன்.

புதன்கிழமை பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "இது திங்கட்கிழமை வந்தது இல்ல. அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே உள்ளே அடி வாங்கியிருக்கும். தோல்ல லேட்டாத்தான் தெரியும்."

இதை எல்லா நர்சும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படுக்கைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கும்போது முதலில் சாவது எலும்பை ஒட்டிய சதை. அந்தக் கத்தரிக்காய் நிறம் மேலே தெரிய 48 முதல் 72 மணி நேரம் ஆகலாம். திங்கள் காலை பத்து மணிக்குத் திட்டு தெரிகிறதென்றால் வெள்ளி, சனிக்கிழமைகளைத் தோண்ட வேண்டும். இன்னொன்று: தோல் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலை வைத்து எடுத்தவை. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கையால்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் முகத்தைச் சுளிக்கிறார்களா என்று.

மிச்சத்தை ஆயாம்மா சொன்னார். சனிக்கிழமை உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவை வீல் சேரில் உட்காரவைத்து மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை போட்டோ எடுத்திருக்கிறார்கள். அவர் சரிந்து சரிந்து வாலெலும்பில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், ராத்திரி முழுக்க உடம்பு கீழே சறுக்கியிருக்கிறது. புரட்டும் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி "இடது", நான்கு மணி "வலது", ஆறு மணி "மல்லாக்க". எல்லாம் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, மூச்சு விடாமல் எழுதியது போல. அந்த நேரம் முழுக்க அந்த அம்மா பேரனுக்குப் பக்கத்தில் வீல் சேரில் சிரித்துக்கொண்டிருந்த போட்டோ அவர்கள் குடும்பத்துப் போனிலேயே இருந்தது. சனி, ஞாயிறு டியூட்டி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் டபுள் டியூட்டிதான், அதை மறுக்கவில்லை. டபுள் டியூட்டி பார்த்தவர் "புரட்ட ஆள் இல்லை" என்று சார்ட்டில் எழுதியிருக்க வேண்டும், "இடது" என்று அல்ல.

சார்ட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். முழுவதும் பார்த்தார். "அதெல்லாம் சரிங்க. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே சிஸ்டர்" என்றார்.

எனவே கேட்டால் இதை எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு, யாருடன் இருக்கும்போது, எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், உடனே யாருக்குச் சொன்னீர்கள், அவர் என்ன செய்யச் சொன்னார். அவ்வளவுதான். யாரால் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை, உங்களாலும் இல்லை, அடுத்தவராலும் இல்லை. தலைப்பு "சம்பவ அறிக்கை". ஒரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி போட்டோவை உங்கள் சொந்த போனில் எடுக்காதீர்கள், அது வேறு வம்பு. இல்லத்தின் போனில், குடும்பத்தின் சம்மதத்தோடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள்.

ஹேண்ட் ஓவரைக் கட்டில் பக்கத்தில் நின்றுதான் வாங்க வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து திருப்பி வாலெலும்பு, இடுப்பு இரண்டு பக்கம், குதிகால், காதுமடல், பின்தலை, ஆக்ஸிஜன் குழாய் அழுத்தும் மூக்கோரம் வரை பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு இருபது நிமிஷம் ஆகும். "என்னை நம்பலையா?" என்று கேட்பார்கள். "நம்பறேன் சிஸ்டர், பார்த்துட்டு நம்பறேன்" என்று சொல்லுங்கள். நேரமில்லை என்று போய்விட்டால் "நேரில் பார்க்காமல் பெற்றுக்கொண்டது" என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். பகைதான் வரும். எனக்கு அதற்கு முன்பே பகை வந்துவிட்டதால் நஷ்டமில்லை.

இன்சுலினையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் வாங்கி வரும் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. கடைக்காரர் அவசரத்தில் ஆரஞ்சு மூடி, 100 யூனிட் ஊசியைக் கொடுத்துவிட்டால் 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக மாறினால் 20 யூனிட் என்று நினைத்து 50 யூனிட் போட்டுவிடுவீர்கள், அதில் ஆளே போய்விடலாம். பாட்டிலையும் ஊசியையும் சேர்த்து ஒரே டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள், மாற்றி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வேலைப்பளுவைப் பற்றி வாயால் புலம்பிப் பிரயோஜனம் இல்லை, நான் நிறையப் புலம்பியிருக்கிறேன். மேலே போட்ட அறுபது முறைக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எந்த மணிக்கு எந்த வேலை விட்டுப்போகிறது என்று காட்டி மேனேஜருக்குக் கொடுத்த பிறகுதான் நைட்டுக்கு மூன்றாவது ஆயாம்மா வந்தார். நல்ல மெத்தை போட்டிருக்கும் சிலருக்கு டாக்டரே இடைவெளியை நீட்டி எழுதித் தரலாம். அதைக் கேட்டு வாங்குங்கள், நீங்களாக நீட்டாதீர்கள். ஆயாம்மாக்களோடு மட்டும் சண்டை வேண்டாம். இன்சார்ஜ் முறைத்தால் ஒரு நாள் கெடும், ஆயாம்மா முகம் திருப்பினால் உங்களால் ஒருவரைக்கூடப் புரட்ட முடியாது. எனக்கு உண்மையைச் சொன்னதும் அவர்தானே.

நான் ஓடிவிட்டதாக அங்கே பேச்சு. ஓடவில்லை, நோட்டீஸ் கொடுத்து, கடைசி நாள் வரை கட்டில் கட்டிலாக ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை "சேஃப்டிக்கு" வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தே இருக்கக் கூடாது, நகல் போதும். சம்பளம் கேட்டால் "நாங்க ஆஸ்பத்திரி இல்லீங்களே" என்பார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட குழு 2016-ல், 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. புது இடத்தில் நேர்காணலில் அதைச் சொல்லித்தான் பேரம் பேசினேன். பாதி பலித்தது.

அங்கே நான் வைத்த முதல் கோரிக்கை எட்டிலிருந்து எட்டரை வரை வீடியோ கால் கிடையாது என்பது. சான் பிரான்சிஸ்கோ மகள் உடனே சரி என்றுவிட்டார். நியூ ஜெர்சி மகனுக்குத்தான் கோபம். இங்கே எட்டரை என்றால் அங்கே ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது, தூக்கம் கெடுகிறது என்று மெயில் போட்டார். "சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுங்க சார், உங்களுக்குக் காலை ஒன்பதரை" என்று பதில் போட்டேன். ஆபீஸ் நேரம் என்கிறார். இருக்கட்டும், எனக்கும் அது ஆபீஸ் நேரம்தான்.