அளவறிந்து வாங்கிய நினைவகம்

சேர்வராயன் மலைக்குத் தெற்கே, கொல்லிமலையை ஒருபுறம் எல்லையாகக் கொண்டு, காவிரிக் கரைவரை பரந்து கிடக்கின்றது சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி. 1997ஆம் ஆண்டுக்கு முன் இவ்விரண்டும் சேலம் என்னும் ஒரே மாவட்டமாக இருந்தன. தறி நெய்வோரும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்வோரும், கோழிப் பண்ணை நடத்துவோரும், லாரிகளுக்குப் பாடி கட்டுவோரும் இந்நிலத்தில் மிகுதி. தறிக் கூலியும் முட்டைக் கணக்கும் லாரி வாடகையும் முன்னாளில் கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் இருந்தன. இந்நாளில் அவை கணினிக்குள் புகுந்துவிட்டன. சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் ஆகியவற்றிற்கும் மக்கள் கணினியையே நாடுகின்றனர். ஆதலின் சிற்றூர்களிலும் இணையச் சேவை நிலையங்கள் தோன்றியுள்ளன.

இராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அத்தகைய நிலையம் நடத்தும் ஒரு பெண்மணியின் கதையாக இப்பாடத்தைக் கொள்க. காலம், 2019ஆம் ஆண்டின் கோடை. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே நடைபெறத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், சுற்றுப்புறத்து மாணவர்கள் சான்றிதழ்களைக் கையிலேந்தி அந்நிலையத்தின் வாயிலில் வந்து நின்றனர். அம்மையாரிடம் இருந்ததோ ஒரே ஒரு மேசைக் கணினி. அதுவும் பழையதாக வாங்கியது. ஒரு நெசவாளியின் மகள் தன் விண்ணப்பத்தை மும்முறை நிரப்பினாள். சான்றிதழின் படத்தை ஏற்றும்போதெல்லாம் திரை அசைவற்று நின்றது. கெடு முடிய மூன்று நாள்களே இருந்தன. “நாளைக்கு வா, அம்மா” என்று சொல்லி அவளை அனுப்பிய அம்மையாருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

கணினி அவ்வாறு திணறியது ஏன்? ஓர் அலுவலகத்தில் அலமாரியும் உண்டு, மேசையும் உண்டு. ஏடுகள் யாவும் அலமாரியில் இருப்பினும், அன்றைய வேலைக்கு வேண்டியவற்றை எழுத்தர் மேசைமேல் பரப்பிக்கொள்வார். மேசை சிறிதாயின் ஓர் ஏட்டை வைக்க மற்றோர் ஏட்டை அலமாரிக்குக் கொண்டுபோக வேண்டும். நடப்பதிலேயே பொழுது போய்விடும். கணினியில் அலமாரியின் இடத்தில் இருப்பது வன்தட்டு. மேசையின் இடத்தில் இருப்பது நினைவகம். நினைவு, அகம் என்னும் இரு சொற்களால் ஆகிய இப்பெயர் அழகியதே. எனினும் கடைத்தெருவில் ‘ராம்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பர்!

இந்நினைவகத்தின் அடிப்படையை 1966ஆம் ஆண்டில் எண்ணிக் கண்டவர் இராபர்ட் டென்னார்டு என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவருக்கு 1968ஆம் ஆண்டில் அதற்கான காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு மின்தேக்கி ஒன்றும் சேர்ந்தது ஓர் அறை. மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. அம்மின்தேக்கி பொத்தல் விழுந்த குடம் போன்றது. தேங்கியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பன்முறை ஒவ்வோர் அறையையும் படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். மின்சாரம் நின்றால் அனைத்தும் மறையும். வேலையின் நடுவே மின்தடை நேர்ந்தால், சேமிக்காத எழுத்து அழிந்துபோவது இதனாலேதான்.

அம்மையாரின் கணினியில் இருந்தது 2 ஜிகாபைட் நினைவகம். அதனைப் பெருக்கினால் குறை தீரும் என்று அவர் எண்ணியது சரியே. மறுநாள் காலையில் பேருந்தேறிச் சேலம் நகரம் சென்றார். ஒரு கடையில், “இருப்பவற்றுள் புதிய வகையாக, 8 ஜிகாபைட் அளவில் ஒன்று கொடுங்கள்” என்றார். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். எந்தக் கணினிக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கூறவில்லை.

வீடு திரும்பிக் கணினியின் மூடியைக் கழற்றிப் பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். அது பொருந்தவில்லை. இரண்டும் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமே. ஆயினும் அடி விளிம்பிலுள்ள வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. உடனிருந்த மகன், “இன்னும் சற்று அழுத்துங்கள், அம்மா; இறங்கிவிடும்” என்றான். நல்ல வேளையாக அவர் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் செருகுவாய் உடைந்து, உள்ள கணினியும் போயிருக்கும்.

அன்று மாலை நாமக்கல்லிலிருந்து அவருடைய தம்பி வந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்பவர் அவர். கணினி நுட்பம் அறியாதவராயினும், நடந்ததைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“அக்கா, ஒருவர் வந்து லாரிக்குப் பாடி வேண்டும் என்றால் நாங்கள் முதலில் என்ன செய்வோம், தெரியுமா?”

“மரம் வாங்குவீர்கள்.”

“இல்லை, சேசிஸைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வோம். அதன் நீளம், அகலம், அது தாங்கும் பாரம் மூன்றையும் அறிந்த பிறகுதான் மரத்தில் வாள் வைப்போம். மரத்தை அறுத்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற வண்டியைத் தேடுவார் உண்டா? நீ கடையைப் பார்த்தாய். உன் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கவில்லையே!”

அம்மையார் மீண்டும் மூடியைத் திறந்தார். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் தாங்கி இணைக்கும் பெரிய பலகைக்குத் தாய்ப்பலகை என்று பெயர். மதர்போர்டு என்பதும் அதுவே. அதன்மேல் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் மெல்லத் துடைத்ததும், அதன் வகைப்பெயர் அச்சிட்டிருக்கக் கண்டார். அதனைத் தாளில் எழுதிக்கொண்டார். செருகுவாய்கள் இரண்டு என்பதையும் குறித்துக்கொண்டார். பழைய நினைவகத்தை ஒரு தாளுறையில் இட்டுக்கொண்டு மறுநாள் சேலத்துக்குப் புறப்பட்டார்.

இம்முறை அக்கடையில் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் தாளைப் பார்த்தார்; பழைய நினைவகத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டையும் பார்த்தார்.

“அம்மா, தங்கள் பலகையில் இருப்பது இண்டெல் ஜி41 என்னும் சில்லுத்தொகுதி. இந்தப் பலகை ஏற்பது டி.டி.ஆர்.3 என்னும் வகை. தாங்கள் வாங்கிச் சென்றதோ டி.டி.ஆர்.4. முன்னதற்குத் தொடுமுனைகள் 240, பின்னதற்கு 288. முன்னது 1.5 வோல்ட்டில் இயங்கும், பின்னதற்கு 1.2 வோல்ட்டே போதும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தவறியும் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்” என்றார்.

வெட்டு என்பது குறையன்று, காவல் என்பது அம்மையாருக்கு அப்போது விளங்கிற்று. பின்னர் 2020ஆம் ஆண்டில் வரையறை வெளியான டி.டி.ஆர்.5 வகைக்கும் தொடுமுனைகள் 288தான். ஆயினும் அதன் வெட்டு வேறிடத்தில் உள்ளது. எண்ணிக்கை ஒத்திருப்பதால் இனம் ஒத்ததாகாது. மடிக்கணினிக்குரிய நினைவகமோ நீளத்திலேயே குட்டை. அதனைக் கண்ட அளவில் வேறென்று அறியலாம்.

“அப்படியாயின் டி.டி.ஆர்.3 வகையில் 8 ஜிகாபைட் பலகை ஒன்று கொடுங்கள், ஐயா.”

“அதுவும் ஆகாது, அம்மா. இந்தச் சில்லுத்தொகுதி ஏற்கும் மொத்த அளவே 8 ஜிகாபைட்தான். ஒரு செருகுவாய்க்கு 4. ஆகவே 4 ஜிகாபைட் பலகைகள் இரண்டு வேண்டும். அவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு.”

முதியவர் இரண்டு பலகைகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் டி.டி.ஆர்.3, இரண்டும் 4 ஜிகாபைட், வெட்டும் ஒரே இடத்தில். ஒன்றில் கருஞ்சில்லுகள் ஒரு பக்கத்தில் மட்டும் எட்டு இருந்தன. மற்றொன்றில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு இருந்தன. எட்டுச் சில்லுகளில் 4 ஜிகாபைட் அடங்க வேண்டுமாயின், ஒவ்வொரு சில்லும் 4 ஜிகாபிட் கொள்ள வேண்டும். பதினாறாயின் 2 ஜிகாபிட் போதும். எட்டுப் பிட்டு சேர்ந்தது ஒரு பைட்டு என்று கொண்டு பெருக்கி வகுத்தால் இக்கணக்குச் சரியாக வரும். பழைய ஜி41 பலகை 2 ஜிகாபிட் சில்லுகளுக்கென அமைந்தது. எட்டுச் சில்லுப் பலகை அதன் செருகுவாயில் ஒழுங்காக அமர்ந்துவிடும், கணினிதான் உயிர்பெறாது. வெட்டு என்னும் காவலும் காட்டிக்கொடுக்காத தவறு இது. கடைத்தெருவில் பலரும் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மலிவாகக் கிடைக்கின்றதே என்று, சர்வர் எனப்படும் பெருங்கணினிகளிலிருந்து கழித்த நினைவகத்தை வாங்கி இடர்ப்படுவோரும் உண்டு. அதுவும் நீளத்தால் ஒத்திருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இயங்காது.

வேகத்தைப் பற்றி அத்துணைக் கவலை வேண்டா. பழைய பலகையின் சீட்டில் ‘பி.சி.3–8500’ என்றும், புதியவற்றில் ‘பி.சி.3–10600’ என்றும் இருந்தன. நொடிக்கு எத்தனை மெகாபைட் செல்லும் என்பதன் தோராயமான அளவே அவ்வெண். நினைவகப் பலகை ஒரு தடவைக்கு 8 பைட்டு அனுப்பும். ஆகவே 1066 என்னும் வேகத்தை எட்டால் பெருக்க 8500க்குச் சற்று மேல் வரும். 1333ஐப் பெருக்க 10600க்குச் சற்று மேல் வரும். ஜி41 பலகை 1066க்கு மேல் ஓடாது. விரைவான நினைவகத்தை இட்டால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உடன்செல்லும். மிகுதியான வேகத்துக்குக் கொடுத்த பணம்தான் பயன்படாது. விரைவு வேறுபட்ட இரண்டை ஒருங்கே இட்டாலும் மெதுவானதன் நடையே இரண்டுக்கும் நடை. நுகத்தடியில் பூட்டிய காளைகளும் அப்படித்தானே!

முதியவர் இறுதியாக ஒன்று கேட்டார். “தங்கள் கணினியில் உள்ள இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா?” வீடுகளில் வழங்கும் 32 பிட்டு விண்டோஸாயின் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம் இருந்தும் இல்லாததே. இரண்டை 32 முறை பெருக்கினால் வரும் 429,49,67,296 முகவரிகளுக்கு மேல் அதனால் எண்ணவியலாது. அம்மையாரின் மகன் முன்னரே அதனைப் பார்த்துச் சொல்லியிருந்தான்; 64 பிட்டுதான்.

பொருந்தாத பலகையைக் கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொண்டு, தொகையில் சிறிது கழித்தே மாற்றிக் கொடுத்தார். அச்சிறு தொகையும் அம்மையாருக்கு இரண்டு நாள் வருவாய். 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெருந்தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியபோது, இத்தகைய தவறு செய்தோர் இழந்தது இதனினும் பெரிது.

அன்று மாலை தம்பியும் உடனிருந்தார். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்ட பின்னரே அம்மையார் நினைவகத்தைக் கையில் எடுத்தார். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்க வல்லது. அதனை முதியவர் சொல்லி அனுப்பியிருந்தார். விளிம்பை மட்டும் பிடித்து, வெட்டுக்கு நேரே வைத்து, இரு முனைகளிலும் ஒருசேர அழுத்தினார். இரு பக்கத்துக் கொக்கிகளும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன. மின்விசையை இட்டதும் திரை இருண்டே இருந்தது. பெட்டியிலிருந்து விட்டு விட்டுக் கூவல் ஒலி எழுந்தது. மகன் முகம் வாடினான்.

“நினைவகம் சரியாகத் தொடவில்லை என்று அது சொல்கிறது” என்றார் அம்மையார். மீண்டும் மின்னிணைப்பைப் பிடுங்கினார். மகனின் பள்ளிப் பையிலிருந்து அழிரப்பரை எடுத்துத் தொடுமுனைகளை மெல்லத் தேய்த்தார், துகளைத் துடைத்தார், செருகுவாயில் இருந்த தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு மறுபடியும் பொருத்தினார். இம்முறை ஒரே ஒலி, திரை ஒளிர்ந்தது. அதில் 8192 மெகாபைட் என்று தோன்றிற்று.

மறுநாள் காலை எட்டு மணிக்கே நெசவாளியின் மகள் வந்துவிட்டாள். கெடுவின் கடைசி நாள் அது. சான்றிதழின் படம் இம்முறை தடையின்றி ஏறிற்று. விண்ணப்பம் பெறப்பட்டதற்கான எண் திரையில் தோன்றியதும் அவள் அதனைத் தன் கையிலேயே எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருந்தனர். அம்மையார் பழைய 2 ஜிகாபைட் பலகையைத் தாளுறையில் இட்டு, தாய்ப்பலகையின் வகைப்பெயரை உறையின்மேல் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.