மனச்சோர்வும் புகைப்படமும்

கேள்வி: மாதக்கணக்காக மனச்சோர்வு, தறியில் உட்காரவே பிடிக்கவில்லை. வீட்டாரிடம் சொல்ல வார்த்தை வரவில்லை. புகைப்படமாக எடுத்துக் காட்டலாமா?
— நெசவாளர் ஒருவர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: அவசியம் எடுங்கள். தம் தாயாருக்கு 1999-இல் மனச்சிதைவு நோய் என்று வைத்தியர்கள் நிர்ணயித்தபின், அன்னையையும் அவர் நேசித்த நாயையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து 2015-இல் நூலாக்கிய புகைப்படக் கலைஞர் சோராப் ஹுராவின் படங்களில், நோய் வேறாயினும், துக்கம் அழுத முகத்தில் மட்டுமன்றி அன்றாட வஸ்துக்களிலும் தங்கியிருப்பதை நான் பிரத்தியட்சமாக உணர்ந்திருக்கிறேன். ஆகையால் வரதராஜர் கோயில் கோபுரத்தைத் தேடிப் போகாமல், நாட்கணக்கில் கால்படாத மிதிபலகையையும், பாதி நெய்த சேலைமேல் படிந்த தூசியையும் உள்ளபடியே எடுத்து, வீட்டாரிடமும் மனநல வைத்தியரிடமும் காட்டுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம், இன்றே பேசிவிடுங்கள்.