மலைச்சரிவும் மனையுறுதியும்

வீடு கட்டப் புகுவோன் முதற்கண் ஆராய வேண்டுவது நிலத்தின் இயல்பேயாம். மணலின்மேற் கட்டியவனையும் பாறையின்மேற் கட்டியவனையும் குறித்து நம் ஆண்டவர் கூறிய உவமையை இக்கல்லூரி மாணவருள் கேளாதார் இலர். சமவெளியில் வாழ்வார்க்கு அவ்வுவமையின் புறப்பொருள் ஒன்றே நல்லதொரு கட்டடப் பாடமாகும். மலைச்சரிவில் வாழ்வார்க்கோ அதனோடு மற்றுமொரு பாடம் வேண்டப்படுகின்றது. ஆங்கே மனையின் கீழுள்ளது யாது என்று வினவுவதோடு அமையாது, மனையின் மேலுள்ளது யாது என்றும், அது வந்து மோதின் இம்மனை எவ்வளவு தாங்கும் என்றும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை காணும் முறையையே ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் இரவு, கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். ஆங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். லயம் எனப்படும் வரிசை வீடுகளில் அவர்கள் இருந்தபோது, மேலேயிருந்த மலைச்சரிவு பெருமழையால் உடைந்து, நீரும் சேறும் பாறையுமாகப் பாய்ந்து வந்து அவ்வீடுகளை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. லயங்கள் நின்ற தரை தானே பெயர்ந்ததன்று. மேலே வேறோரிடத்தில் உடைந்த மண்ணே அவற்றை வந்தடைந்தது. தரையை மட்டும் சோதித்திருப்பின் இவ்வபாயம் புலப்பட்டிராது என்பது இதனாற் பெறப்படும்.

இத்தகைய இழப்பை அறிஞர் மூன்று கூறாகப் பிரித்து நோக்குவர். ஓரிடத்தில் சரிவு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒன்று. அது நேரின் ஆங்குள்ள பொருள் எத்துணைப் பங்கு அழியும் என்பது மற்றொன்று. அப்பொருளின் மதிப்பு மூன்றாவது. இம்மூன்றையும் பெருக்கக் கிடைப்பதே எதிர்பார்க்கத்தக்க இழப்பாம். இவற்றுள் நடுவணதை ஊறுபடுந் தன்மை என்று ஈண்டு வழங்குவோம். அமெரிக்க நிலநூலறிஞர் டேவிட் வார்ன்ஸ், 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட தம் நூலில், இதனை 0 முதல் 1 வரையுள்ள எண்ணாற் குறிக்கும் முறையை எடுத்துரைத்தார். ஊறே இல்லையெனின் 0. முற்றும் அழிவெனின் 1. பழுதுபார்க்கும் செலவு கட்டட மதிப்பிற் காற்பங்காயின் 0.25 எனக் கொள்ளலாம். பெருமழை நம் கையில் இல்லை. ஊறுபடுந் தன்மையோ பெரும்பாலும் மனிதர் செய்கையால் அமைவது. இவ்வேறுபாட்டை மறந்து பழியனைத்தையும் மலையின்மேற் சுமத்துதல் முறையன்று.

இனி, ஒரு வீட்டிற்கு எல்லாச் சரிவிற்கும் ஒரே எண் பொருந்தாது. சரிவு ஆண்டிற்குச் சில அங்குலமாக மெல்ல நகர்வதாயின், மனையின் ஒரு மூலை அமிழ மற்றொரு மூலை நிற்கும், சுவர்கள் பிளக்கும், ஆயினும் குடியிருப்போர் வெளியேற அவகாசம் உண்டு. அத்தகைய இடத்தில் அஸ்திவாரம் முழுதும் இரும்புக் கம்பியாற் பிணைக்கப்பட்ட வீடு ஒருங்கே சாய்வதன்றி எளிதிற் பிளவுபடாது; தனித்தனிக் கல்லின்மேல் எழுந்த வீடு துண்டுபடும். பாறை உருண்டு வருமாயின், கூரையும் ஒரு சுவரும் உடைந்து ஏனைய பகுதி பிழைத்தலும் கூடும். சேற்றுப் பெருக்கோ இவ்விரண்டினும் கொடியது.

அதன் வலியை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு கன மீட்டர்ச் சேறு ஏறத்தாழ 2,000 கிலோகிராம் நிறையுடையது. அது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மிதிவண்டியிற் செல்வோன் வேகத்தில், வருவதாகக் கொள்வோம். அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால், சதுர மீட்டர் ஒன்றிற்கு 50,000 நியூட்டன், ஏறக்குறைய 5 டன் பாரம், சுவரைத் தள்ளும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகமுள்ள கொடும்புயலின் அழுத்தமும் சதுர மீட்டருக்கு 150 கிலோகிராம் பாரத்தின் அளவினதே. எனவே, மெல்லெனச் செல்லும் சேறும் புயலினும் முப்பது மடங்குக்கு மேல் வலியதாகும். வேகம் இரட்டித்தால் வலி நான்கு மடங்காகும் என்பதும் கருதத்தக்கது. செங்கற் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க வல்லதேயன்றிப் பக்கத்தினின்று வரும் தள்ளலைத் தாங்க வல்லதன்று. கான்கிரீட்டுத் தூண்களும் உத்தரங்களும் ஒன்றாய்ப் பிணைந்த கட்டடத்தில், இடைச்சுவர் பெயர்ந்து சேறு உட்புகுந்தாலும் தூண்கள் நின்று மேல்மாடியைக் காத்தல் கூடும்.

ஆதலின் ஒரு கட்டடத்தை மதிப்பிடுவோர் கீழ்க்கண்டவற்றை முறையே குறித்துக்கொள்ளல் வேண்டும். சுவர் மண்ணா, காரையிட்ட கல்லா, கம்பி செறிந்த கான்கிரீட்டா? அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? மலையை நோக்கிய சுவரில் சன்னல்களும் கதவுகளும் உளவா? சேறு முதலிற் புகும் வழி அவையே. உறங்கும் அறை மலைப்புறத்துக் கீழறையா, பள்ளத்தாக்கின் புறத்ததா, மேல்மாடியா? வெளியேறும் வாயில் ஒன்றா, இரண்டா? வீடு நீரோடையின் வழியில் நிற்கின்றதா? ஓடையிற் கோடையில் நீரின்மை கண்டு ஏமாறலாகாது. சேற்றுப் பெருக்கும் பெரும்பாலும் அவ்வழியையே தேடி வரும்.

வீட்டைச் சூழ்ந்த மனிதர் செய்கையும் ஆராயத்தக்கது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் பெய்த பெருமழையால் நேர்ந்த சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்மலையில் பாறை நாட்பட மட்கித் தடித்த மண்ணாகியுள்ள இடங்கள் பல. மழைநீர் ஊறி அம்மண் பாரமேறித் தன் பிடிப்பை இழக்கும். இத்தகைய மண்ணைச் செங்குத்தாய் வெட்டி, வெட்டின் அடியிலேயே வீட்டை எழுப்பி, நீர் வடியும் கால்வாயையும் அடைத்துவிடின், அவ்வீட்டின் நிலை யாதாகும்? வெட்டின் உயரம், அதற்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம், தாங்குசுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் உளவா என்பவற்றையும் ஏட்டிற் பதிதல் வேண்டும்.

நிற்க. கட்டடத்தின் ஊறும் உள்ளிருப்போர் ஊறும் ஒன்றல்ல. வேல்ஸ் நாட்டு ஆபர்வான் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மலைமேல் மேடாகக் குவிக்கப்பட்டிருந்தது. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் காலை ஏறத்தாழ ஒன்பதே கால் மணிக்கு அம்மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேலும் வீடுகளின்மேலும் வீழ்ந்தது. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் குழந்தைகள். முந்திய இரவு அது வீழ்ந்திருப்பின், பள்ளிக் கட்டடம் அவ்வாறே இடிந்திருக்கும். வகுப்பறைகளிற் குழந்தைகள் இருந்திரார். பள்ளிக்குப் பகலும் லயத்திற்கு இரவும் கொடும்பொழுதாம். ஆகவே, எவ்வேளையில் எத்தனை பேர், அவருள் முதியோரும் நோயாளரும் எத்துணையர் என்பதும் ஏட்டில் இடம்பெறல் வேண்டும்.

கட்டடம் தானே சொல்லும் அடையாளங்களும் உள. சன்னல் மூலையினின்று சாய்வாக ஓடும் வெடிப்பு, முன்பு நன்கு மூடிய கதவு இறுகிப்போதல், தரைக்கும் சுவருக்கும் இடையே தோன்றும் பிளவு, மரங்களும் கம்பங்களும் ஒருபுறம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவை நிலம் நகர்வதைக் குறிப்பனவாகலாம். வெடிப்பு பழையதோ வளர்வதோ என்று ஐயுற்றால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இருபுறமும் காரையாற் பதித்து நாளும் எழுதி வைக்கலாம். கண்ணாடி உடையின் வெடிப்பு வளர்கின்றது என்க. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இடையறாத கவனமே வேண்டும்.

இங்ஙனம் மதிப்பிட்டபின் செய்யத்தக்கன பல. கால்வாயைத் திறத்தல், வெட்டிய சரிவைத் தாங்குதல், மலைப்புறச் சுவரை வலுப்படுத்தல், படுக்கையை மறுபுற அறைக்கு மாற்றுதல் போல்வனவற்றால் 0.8 என்னும் எண் 0.4 ஆகக் குறைதல் கூடும். ஆயினும் ஆழ்ந்த சேறு விரைந்து வரும் வழியில் நிற்கும் வீட்டிற்கு, அது மண்ணாயினும் கான்கிரீட்டாயினும், எண் 1-ஐ அடுத்தே நிற்கும். ஆங்கே சுவரைத் தடிப்பித்தல் பொய்யான ஆறுதல். அவ்விடத்தை விட்டு நீங்குக என்பதே மெய்யான மதிப்பீடு. அதனைக் கூறுதல் எளிதன்று. கேட்போர்க்குப் போக்கிடம் இல்லாமையும் உண்டு. லயத்தில் வாழ்வோர் அவ்விடத்தைத் தாம் தேர்ந்தவரல்லர். ஆதலின், நீங்கச் சொல்வதோடு நில்லாது, மாற்றிடம் அளிக்க வேண்டியவர் கையில் அவ்வேட்டைச் சேர்ப்பிப்பதும் கற்றோர் கடமையேயாம்.

விடுமுறையில் மலைநாடு செல்லும் நம் மாணவர், காட்சியைக் கண்டு மகிழ்வதோடு, தாம் தங்கும் வீட்டின் பின்புறம் சென்று ஒருமுறை மேல்நோக்கிப் பார்ப்பாராக. கண்டதை எழுதுவாராக. எழுதியதை முதற்கண் அவ்வீட்டில் உறங்குவோர்க்குப் படித்துக் காட்டுவாராக.