அடிபட்டும் அழியாத கருவி

சேலம் நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அதன்மேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. அங்கிருந்து நோக்கினால் சமவெளி நெடுந்தொலைவு புலப்படும். நிலம் அளப்போர்க்கு இத்தகைய மலைகள் பெருந்துணையாவன. முக்கோணம் ஒன்றன் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். ஆதலின் உயர்ந்த இடங்களிலிருந்து கோணங்களை அளந்து நாடு முழுவதையும் அளந்துவிடலாம்.

வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே இப்பணியைத் தொடங்கினார். தியோடலைட் என்னும் கோணமானியே அவருடைய தலைமைக் கருவி. இலண்டனில் கேரி என்பவர் அதனைச் செய்தார். அதன் எடை அரை டன். வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். அது வந்த கப்பலை வழியிலே பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி, மொரீசியசுத் தீவிற்குக் கொண்டு சென்றனர். எனினும், அஃது அறிவியற் கருவி என்பதை உணர்ந்த அவர்கள் பகைமை பாராட்டாது அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

அடுத்த இடர் 1808-இல் தஞ்சையில் நேர்ந்தது. காவிரிச் சமவெளியில் சேர்வராயன் போன்ற மலைகள் இல்லை. எங்கும் வயலும் தோப்புமே. ஆகவே, கருவியைப் பெரிய கோயில் விமானத்தின்மீது கயிறு கட்டி ஏற்றினர். திடீரெனக் கயிறு ஒன்று அறுந்தது; கருவி சுவரில் மோதியது. அதன் உயிர்நிலையாகிய வட்டம் நெளிந்து போயிற்று.

வட்டம் நெளிந்தால் கோணம் பிழைபடும். கோணத்தில் ஒரு விகலை பிழைத்தாலும் 30 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் பிறழ்வு உண்டாகும். அப்பிழை ஒரு முக்கோணத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து செல்லும். கண்டோர் அனைவரும் கருவி இனிப் பயன்படாது என்றே எண்ணினர்.

லாம்டன் மனம் தளரவில்லை. படைக்கலச் சாலைக் கைவினைஞர் சிலருடன் கூடாரத்துள் புகுந்தார். பிறரை உள்ளே விடவில்லை. கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பெரிய பலகை ஒன்றில், வட்டம் முன்பிருந்த அளவிலேயே ஒரு வட்டம் வரைந்தார். நெளிந்த வட்டத்தை அதன்மேல் வைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்து, வரைந்த கோட்டோடு பொருந்தச் செய்தார். வளைந்த ஆரச் சட்டங்களை மரச் சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரங்களில் கருவி மீண்டும் பணிக்கு வந்தது.

லாம்டன் 1823-இல் மறைந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரஸ்டும் அக்கருவியைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார். குமரி முனையில் தொடங்கும் அந்த நெடிய அளவை, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி இமயத்தின் அடிவாரம்வரை சென்றது. ஏற்காடும் அத்தீர்க்கரேகைக்கு அருகிலேயே உள்ளது.

இக்காலத்தில் கணிப்பொறிகளும் செயற்கைக்கோள்களும் நிலத்தை அளக்கின்றன. அவற்றையும் அதிர்ச்சியைத் தாங்குமாறே அமைக்கின்றனர். ஆயினும் விபத்து நேராத கருவி உலகில் இல்லை. கருவியின் அமைப்பை உள்ளபடி அறிந்தவன் கையில் மட்டுமே பழுதுற்ற பொருள் மீண்டும் பயன் தரும்.